வெள்ளையடித்த பேச்சு

பேராதனை, பெண்கள் விடுதி
20 ஜனவரி 1999

ஜனாவுக்கு,

உங்கள் பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது. அதில் ஒரு மாட்டின் படம் இருந்தது, உங்கள் கையெழுத்து இருந்தது, வேறு ஒரு வார்த்தை கூட இல்லை. பேச்சை ஆராய்கிற ஒருத்திக்குப் பேச்சே இல்லாத அட்டையை அனுப்புகிற துணிச்சல் உங்களுக்குத்தான் வரும். கோபம் என்று தெரிகிறது. போன முறை நீங்கள் எங்கள் ஊர் கொடகவெலவுக்கு வந்தபோது அப்பாவின் கடையில், சாமான் வாங்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும், "இன்னும் எத்தன வருசம்?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். இரண்டு வீட்டிலும் நம் கல்யாணத்தைப் பேசி முடித்து மூன்று வருடமாகிறது, எனக்கும் தெரியும். பதிலை இப்போது சொல்கிறேன். இன்னும் ஒரு வருடம் கூட ஆகாது. ஆனால் அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

என் ஆய்வு எதைப் பற்றியது என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன்.

எல்லா மனிதர்களின் வாயிலும் ஒரே விதிகள்தான் இருக்கின்றன என்கிறது நான் படிக்கிற கொள்கை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் ஒட்டி நிற்கக் கூடாது என்று ஒரு விதி. இருக்கிற ஒலியைத் தொலைக்காதே என்று ஒன்று. இல்லாத ஒலியைச் சேர்க்காதே என்று இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. 'ஸ்டோர்' என்று ஒரு சொல் வந்து நின்றால் ஏதாவது ஒன்றை மீறித்தான் ஆக வேண்டும். எதை மீறலாம், எதை மீறவே கூடாது என்கிற வரிசைதான் ஊருக்கு ஊர் வேறு. உங்கள் தோட்டத்தில் தேயிலை ஆலையை இஸ்டோரு என்கிறார்கள். சேர்க்காதே என்பது அங்கே கடைசியில் நிற்கிற விதி, அதனால் அதை மீறி முன்னால் ஓர் 'இ' போட்டுக்கொள்கிறார்கள். சிங்களத்திலும் பள்ளிக்கூடம் இஸ்கோலே தானே. வெள்ளைக்காரன் வரிசையில் சேர்க்காதே மேலே நிற்கிறது, அதனால் அவன் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறான்.

பேச்சு மாறுகிறது என்றால் வானத்திலிருந்து புது விதி விழுகிறது என்று அர்த்தமில்லை. பழைய விதிகள் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆகவே எந்த மாற்றமும் நடக்கலாம் என்றில்லை. வரிசையை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கிடைக்காத பேச்சு உலகத்தில் எந்த ஊரிலும் வராது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. தோட்டத்துப் பெரியவர்கள் சிலரைப் பேச வைத்துக் கெசட்டில் பதிந்து அனுப்புங்கள். ஸ்டோர், ஸ்கூல், ஸ்டாம்பு மாதிரியான சொற்கள் வந்தால் நல்லது.

அத்தைக்கு என் வணக்கம்.

ராகினி


ஓப்பநாயக்க தோட்டம், மேற்கணக்குப் பிரிவு
4 பெப்ரவரி 1999

ராகினிக்கு,

சின்ன வேலை என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் ஆயிற்று. பஜாரில் ரேடியோ திருத்துகிற புவாட்டிடம் கெஞ்சிக் கெசட் பெட்டியை வாங்கினேன். "ஒடஞ்சா நீங்கதான் பொறுப்பு கணக்கப்புள்ள" என்று நாலு தரம் சொல்லித்தான் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்கள் எல்லாரும் குளித்து, கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலை உடுத்தி வந்துவிட்டார்கள். கந்தையா கங்காணி கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். "ரேடியோவுல எத்தன மணிக்கி வரும்?" என்று கேட்டார். வராது என்று சொன்னால் எழும்பிப் போய்விடுவார் என்பதால் பார்ப்போம் என்றேன். ஒருவர் கூடத் தடுமாறவில்லை. நீ பெருமைப்படுவாய்.

வரிசை விஷயம் எனக்குப் புரிந்தது, சந்தேகப்படாதே. கணக்கப்பிள்ளை வேலை பார்க்கிற எனக்கு விதிகளுக்கு நடுவில்தான் பிழைப்பு. இடி மின்னல் என்றால் கொழுந்து பறிக்கிற பெண்களை மலையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பது ஒரு விதி. பெரிய துரை வந்தால் எல்லாரும் மலையில் நிற்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இடியும் துரையும் தனித்தனியாக வரும்வரை இரண்டும் நல்ல விதிதான். சேர்ந்து வருகிற அன்றைக்குத்தான் எது பெரிது என்று தெரியும். போன ஐப்பசியில் சேர்ந்து வந்தன. யாரும் இறங்கவில்லை. நானும் நனைந்தேன்.

அம்மா உன்னை விசாரித்தாள். விசாரித்தாள் என்றால், "அந்தப் புள்ள இருக்கா, இல்ல படிப்போடயே போயிருச்சா?" என்று கேட்டாள். சித்திரை பிறப்பதற்குள் உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் குறித்துச் சொல்லாவிட்டால் தானே வேறு இடம் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நீ கொஞ்சம் எடுத்துக்கொள்.

ஜனா


பேராதனை
21 பெப்ரவரி 1999

ஜனாவுக்கு,

கெசட் வந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்?

கந்தையா கங்காணி சொல்கிறார்: "நான் காலையில் ஸ்டோருக்குப் போய், மாலையில் ஸ்கூலுக்குப் போனேன்." பென்ஷன் வாங்குகிற மனிதருக்கு மாலையில் ஸ்கூலில் என்ன வேலை? சுப்பம்மா அக்கா ஸ்டாம்பு ஒட்டினேன் என்கிறாள். யாருக்கு ஒட்டினாள், எதற்கு ஒட்டினாள், ஒன்றும் இல்லை. ஒட்டிவிட்டு நிறுத்திவிட்டாள். எல்லாரும் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். அதே கங்காணி கொஞ்ச நேரம் கழித்து, கொழுந்து லொறி பழுதானதைச் சொல்லும்போது கோபத்தில், "இஸ்பேனரு இல்லாம இஸ்குருவ எப்புடிக் கழட்டுறது?" என்று கத்துகிறார்.

இதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஸ்டோரை அப்படியே சொல்கிற வாய் ஸ்பேனரையும் அப்படியே சொல்ல வேண்டும். விதிகளை மேலும் கீழுமாக எத்தனை விதமாக அடுக்கினாலும் ஒன்று வளைந்து ஒன்று வளையாமல் வரவில்லை. புதிதாக வந்த சொல் வேண்டுமானால் கொஞ்சக் காலம் வளையாமல் நிற்கும் என்கிறார்கள். இங்கே தலைகீழ். பிறந்த நாள் முதல் சொல்லித் தேய்ந்த ஸ்டோர் நிமிர்ந்து நிற்கிறது, எப்போதாவது வாயில் வருகிற ஸ்பேனர் வளைகிறது.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்று இந்தக் கொள்கை செத்துப்போயிற்று. இல்லாவிட்டால் உங்கள் ஆள் ஏதோ செய்திருக்கிறார்" என்றார். 'உங்கள் ஆள்' என்றதும் அறையில் இருந்த மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

கொள்கை சாகவில்லை என்று நான் நம்புகிறேன். மிச்சம் இருப்பது நீங்கள்தான். உண்மையை எழுதுங்கள்.

ராகினி


ஓப்பநாயக்க
3 மார்ச் 1999

ராகினிக்கு,

உண்மைதான். சொல்லிக் கொடுத்தேன். காலையில் பிரட்டுக் களத்தில் வேலை பிரித்து முடிந்ததும் வரிசையாக நிற்க வைத்து, ஸ்டோர், ஸ்கூல், ஸ்டாம்பு என்று பழக்கினேன். சரியாகச் சொன்னவர்களுக்குப் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். சுப்பம்மா அக்கா ஸ்டாம்புக்காக மட்டும் எத்தனை பணிஸ் தின்றாள் என்று கேட்காதே. இதில் என்ன குற்றம்?

நீயே சொல். கம்பனியிலிருந்து பார்வையிட வி.ஏ. துரை வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? வடிகானில் சுண்ணாம்பு போடுவோம், புல் வெட்டுவோம், லயத்து வீடுகளுக்கு வெள்ளை அடிப்போம். தோட்டத்தை வெளியில் இருந்து ஒருவர் பார்க்கிறார் என்றால் அப்படித்தான் காட்டுவது. அப்பா காலத்தில் இருந்து அப்படித்தான். பல்கலைக்கழகம் எங்கள் பேச்சைப் பார்க்கப்போகிறது என்று உன் கடிதத்தில் விளங்கியது. நான் பேச்சுக்கு வெள்ளை அடித்தேன். உன் மானமும் என் மானமும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஜீப் போகிற பாதை ஓரத்துச் சுவருக்கு மட்டும்தான் நாங்கள் வெள்ளை அடிப்பது வழக்கம். பின்பக்கம் எந்தத் துரையும் போனதில்லை. நீ மூன்று சொல் எழுதி அனுப்பினாய், அந்த மூன்றுக்கும் அடித்தேன். நீ பின்பக்கம் போய் ஸ்பேனரைப் பார்ப்பாய் என்று யார் கண்டது?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இங்கே இருந்து நான் செய்த வேலையை, பேராதனையில் உட்கார்ந்து, இப்படி ஒரு ஊர் பேசவே முடியாது என்று பிடித்துவிட்டாயே. அந்தக் கொள்கையை வி.ஏ. துரைக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதே. எங்கள் பிழைப்பு போய்விடும்.

சரி, பரிகாரம் செய்துவிட்டேன். பெட்டியை மறுபடி வாங்கி வந்து எங்கள் அடுப்படித் தட்டில் வைத்தேன். "அம்மா, இது பேச்ச புடிக்கும், ராகினிக்கு வேணுமாம்" என்றேன். "வச்சிட்டுப் போ, அது என்ன கடிக்கவா போகுது?" என்றாள். முடுக்கிவிட்டு மலைக்குப் போய்விட்டேன். நான் போன பிறகு சுப்பம்மா அக்கா வந்து உட்கார்ந்ததாகக் கேள்வி. அன்றைக்கே புவாட் பெட்டியைத் திருப்பிக் கேட்டதால் நான் எதையும் கேட்டுப் பார்க்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன். ஒரு சொல்லுக்குக் கூட வெள்ளை இல்லை.

தபால் கந்தோரில் இருந்தவர் பொட்டலத்தை ஆட்டிப் பார்த்து, என்ன இது என்று சிங்களத்தில், "மொனவத மே?" என்றார். பேச்சு ஐயா என்று, "கதாவ, மாத்தயா" என்றேன். பேச்சைத் தபாலில் போடுகிறவனை அவர் அப்போதுதான் பார்க்கிறார். பிரித்து, கெசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகுதான் முத்திரை குத்தினார்.

ஜனா


பேராதனை
19 மார்ச் 1999

திருவாளர் ஜனார்த்தனன் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய ஒலிநாடா கிடைத்தது. மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பருப்பு கொதிக்கிற சத்தம் கூடக் கேட்கிறது. ஆய்வுக்குத் தேவையான எல்லாம் அதில் உண்டு. பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். ஆய்வேட்டில் சேர்க்க நான் தேர்ந்தெடுத்த வாக்கியங்களில் சிலவற்றைத் தங்கள் பார்வைக்காகக் கீழே தருகிறேன். எல்லாம் தங்கள் தாயார் மீனாம்பாள் அவர்கள் சொன்னவை.

"இஸ்கூலு முடிஞ்சா காலேசி, காலேசி முடிஞ்சா இன்னொரு காலேசி. இந்தப் புள்ள படிச்சி முடிக்கிறதுக்குள்ள எம்மவன் தல நரச்சிரும்."

"பேச்சப் படிக்கிறாளாம், பேச்ச. ஒரு நா வந்து நம்மகிட்ட ஒரு வார்த்த பேசுனாளா?"

"எகலியகொட புள்ள செவப்பா, லச்சணமா இருக்கா. இஸ்கூட்டரு குடுக்குறாங்களாம்."

"எம்மவனும் போயிப் பாத்துட்டு வந்துட்டான். ரெண்டு வட தின்னான். தேத்தண்ணிக்கி சீனி பத்தலன்னு கேட்டு வாங்கிக் குடிச்சான். புடிக்காமயா கேப்பான்? சித்திர பொறந்ததும் தட்டு மாத்திற வேண்டியதுதான்."

இஸ்கூட்டர் மிக அருமையான எடுத்துக்காட்டு. நேற்று வந்த சொல் கூடத் தங்கள் வீட்டு விதியிலிருந்து தப்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்காது. மிக்க நன்றி.

வடை நன்றாக இருந்ததா?

இப்படிக்கு,
செல்வி ராகினி


ஓப்பநாயக்க
26 மார்ச் 1999

ராகினி, ராகினி,

சத்தியமாக எனக்குத் தெரியாது. எஹலியகொடவில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு விசேஷம், வா என்றாள் அம்மா. போனேன். பசி. இரண்டு வடை தின்றேன். ஒரு பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான், "சீனி காணாது தங்கச்சி" என்றேன். தங்கச்சி என்றுதான் சொன்னேன், கவனி. உள்ளே நாலைந்து பொம்பளைகள் சிரித்தார்கள். விசேஷ வீடு, சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பெயர் பெண் பார்ப்பது என்று உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிகிறது. ஸ்கூட்டர் விஷயமும் உன் கடிதத்தில்தான். அது என்ன நிறம் என்று கூட எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் சண்டை போட்டேன். "நீ பேசுன புள்ள எங்க? காட்டு பாப்போம்" என்றாள். என்னத்தைக் காட்டுவேன், மாட்டுப் படம் போட்ட அட்டைக்கு நீ எழுதிய பதிலையா? எனக்கும் மனது இருக்கிறது ராகினி. மூன்று வருடமாக ஊர் முழுக்க, "கணக்கப்புள்ள, எப்ப கல்யாணச் சோறு போடுறீங்க?" என்று கேட்கிறது. நீ வரும்போதெல்லாம் இரண்டு நாள் நின்றுவிட்டு, அதிலும் பாதி நேரம் யார் எப்படி வாயைத் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறாய். எங்கள் வீட்டு வாசல்படி ஏறி எவ்வளவு நாள்? அம்மா சொன்னதில், வந்து ஒரு வார்த்தை பேசினாளா என்ற அந்த ஒரு வாக்கியம் மட்டும் பொய்யில்லை.

சித்திரைக்கு முன்னால் நீ இங்கே வந்து அம்மாவைப் பார். இல்லாவிட்டால் அந்த வாக்கியங்களையாவது எடுத்துவிடு. அம்மா பேசியது புத்தகத்தில் வந்து, நாளைக்கு நம் பிள்ளைகள் படித்துப் பார்த்தால் என்ன நினைக்கும்? பிள்ளைகள் என்று எழுதிவிட்டேன். அதை அடித்துவிட மனமில்லை.

ஜனா


பேராதனை
3 ஏப்ரல் 1999

அன்புள்ள ஜனா,

வரலாம் என்றுதான் பார்த்தேன். ஏப்ரல் கடைசிக்குள் இரண்டு அத்தியாயங்களைக் கொடுக்க வேண்டும், நகர முடியாது. வராமல் இருக்க அது ஒரு சாக்கு என்று நீங்கள் நினைத்தால், பாதி சரிதான். அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கோபத்தில் அந்தக் கெசட்டை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். முதலில் என்னைத் திட்டுகிற இடங்களை மட்டும் கேட்டேன். பிறகு வேலைக்காக முழுவதையும் எழுத வேண்டி வந்தது. எழுத எழுதத்தான் நான் கவனிக்காத ஓர் இடம் கிடைத்தது. ஸ்கூட்டரைச் சொல்லி முடித்ததும் சுப்பம்மா அக்கா, "அந்த எகலியகொட புள்ள வாயே தொறக்காதாமே அக்கா" என்கிறாள். அத்தை அடுப்பை ஊதுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு மெதுவாகச் சொல்கிறார்: "சங்கு ஊதுனா அவன் மலைக்கிப் போயிர்றான். நானும் செவுருந்தான். இஸ்கூட்டரு வந்து எங்கூடப் பேசுமா?"

ஜனா, நீங்கள் எழுதினீர்களே, இடியும் துரையும் சேர்ந்து வருகிற அன்றைக்குத்தான் எது பெரிது என்று தெரியும் என்று. இதுதான் அந்த இடம்.

பிள்ளைக்குக் கல்யாணம் சீக்கிரம் நடக்க வேண்டும், சீர் வர வேண்டும், ஜாதகம் பொருந்த வேண்டும், வீட்டில் பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும். உங்கள் அம்மாவிடம் இருக்கிற இதே விதிகள் என் அம்மாவிடமும் இருக்கின்றன. என் அம்மா ஜாதகத்தை வரிசையின் தலையில் வைத்திருக்கிறார். உங்கள் அம்மா சீரை எவ்வளவு கீழே வைத்திருக்கிறார் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிகிறது. மேலே நிற்பவை இரண்டுதான். சித்திரையிலேயே நடக்க வேண்டும் என்பது முதலாவது, பேச்சுத் துணை வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு விதிகள்தான் சுலபமாக இடம் மாறும் என்பது எங்கள் பேராசிரியரின் எண்ணம். ஆகவே அத்தையிடம் எதையும் விடச் சொல்லாதீர்கள். அவர் ஆசைகளில் ஒன்று கூடத் தப்பில்லை. அந்த இரண்டும் மட்டும் மாறி நின்றால் நமக்குப் போதும்.

எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று செய்தே ஆக வேண்டும். ஒருவர் பேச்சை அவர் சம்மதம் இல்லாமல் ஆய்வேட்டில் போட முடியாது. பெட்டி வைக்கும்போது அத்தை சரி என்றதெல்லாம் போதாது, என்ன பேசினார் என்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் எழுதிய தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றையும் மறைக்காமல் வாசியுங்கள், திட்டியதையும் சேர்த்து. அவர் வேண்டாம் என்று சொன்னால் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஊரில் ஆரம்பிப்பேன். அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆகும். அதற்குள் தட்டு மாறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் என்று எழுதியதை அடிக்காததற்கு நன்றி. அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ராகினி


ஓப்பநாயக்க
17 ஏப்ரல் 1999

ராகினி,

வருடப் பிறப்பன்று பலகாரம் எல்லாம் முடிந்து, அம்மா நல்ல மனதோடு வெற்றிலை போடுகிற நேரம் பார்த்து உன் தாள்களை எடுத்தேன். சுப்பம்மா அக்காவும் இருந்தாள். அடி விழுந்தால் விலக்கிவிட ஆள் வேண்டுமே.

"இந்தப் புள்ள படிச்சி முடிக்கிறதுக்குள்ள எம்மவன் தல நரச்சிரும்" என்று வாசித்தேன். சுப்பம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கதவுப் பக்கமாக நகர்ந்தேன்.

"இத யாரு எழுதுனா?"

"ராகினி. நீ பேசுனது கெசட்டுல பதிஞ்சிருச்சு."

"முழுசுமா?"

"முழுசும்."

ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். பிறகு, "வாசி" என்றாள்.

வாசித்தேன். பேச்சைப் படிக்கிறாளாம் என்கிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள். "நான் அப்புடி சொல்லல. பேச்சப் படிக்கிறாளாம், பேச்சன்னு ரெண்டு வாட்டி இழுத்துச் சொன்னேன். ஒரு வாட்டியோட விட்டுட்டா பாரு" என்றாள். தாளைப் பார்த்தால் நீ இரண்டு தரமும் எழுதியிருக்கிறாய். நான்தான் பயத்தில் ஒன்றை விழுங்கியிருந்தேன். திருப்பிச் சரியாக வாசித்ததும், "ஆங், அப்புடித்தான்" என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு திட்டுக்குத் திட்டு தலையாட்டினாள்.

நடுவில் நான் ஒன்றைத் தாண்டிப் போனேன். சுப்பம்மா அக்கா எட்டிப் பார்த்து, "அங்க என்னமோ சின்னதா எழுதியிருக்கே" என்றாள்.

"அது ஒன்னுமில்ல. அம்மா இருமுன எடம்."

அம்மா வெற்றிலையைக் கீழே வைத்தாள். "இருமுனதயுமா எழுதியிருக்கா?"

"எங்கெங்க இருமுனியோ அங்கெல்லாம் எழுதியிருக்கு. ஓரத்துல, இந்த இருமலுக்கு மருந்து எடுத்தாங்களான்னு கேட்டிருக்கு."

அம்மா தாளை வாங்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஒரே வீட்டுல இருக்க. நான் இருமுறது ஒனக்குக் கேட்டிச்சாடா?"

ராகினி, கேட்டிருக்கிறது. ஆனால் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து தந்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லையாம். திரும்பி வருகிற வழியில் அம்மாவே ஆரம்பித்தாள். "எகலியகொடக்கி ஆளனுப்பி வேணாம்னு சொல்லிரு. அந்தப் புள்ள பாவம், நல்ல எடத்துல வாழட்டும்."

"அப்ப இஸ்கூட்டரு?" என்று கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். மருந்துப் போத்தலாலேயே அடிக்க வந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டாள், தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு ஒரு கடுதாசியும் சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். "நான் சொல்றத அப்புடியே எழுது. திருத்துன, கைய ஒடிப்பேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னது இது:

"தாயி ராகினி, நான் ஒன்னயப் பத்திப் பேசுனத நீ கேட்டுட்ட. பேசுனது பேசுனதுதான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அதயும் ஒக்காந்து எழுதியிருக்க பாரு, ஒனக்கு எம்புட்டு பொறும. அவசரமில்ல, படிப்ப முடி. ஆவணியில வச்சிக்குவோம். வர்ற வெள்ளிக்கெழமக்கி அடுத்த வெள்ளி தட்டு எடுத்துக்கிட்டு கொடகவெலக்கி வர்றோம்னு ஒங்க அம்மாகிட்ட சொல்லிரு. ஜாதகத்த அவுங்க எத்தன வாட்டி வேணும்னாலும் பாக்கட்டும். அப்பறம், அந்த கெசட்டுல ஒரு பக்கந்தான் நெரம்பியிருக்காம். இன்னொரு பக்கம் சும்மா கெடக்குதாம். எனக்குச் சொல்ல இன்னும் நெறய இருக்கு."

ஜனா


பேராதனை
24 ஏப்ரல் 1999

அன்புள்ள ஜனா,

உங்கள் கடிதத்தை விடுதி வாசலிலேயே நின்று படித்தேன். அழுதேன். காவல்கார மாத்தயா ஓடி வந்து, யாராவது செத்துப்போனார்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, கல்யாணம் என்றேன். சரிதான் என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை அப்பா கடையை மூடுகிறார். நான் வியாழக்கிழமையே வந்துவிடுவேன். அத்தியாயம் ஒரு வாரம் பிந்தினால் பிந்தட்டும். பேராசிரியரிடம் கேட்டேன். வரிசையில் எதை மேலே வைக்கிறீர்கள் என்று தெரிகிறது, போய் வாருங்கள் என்றார். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இதை மூன்று வருடத்தில் ஒரு கடிதத்திலும் நான் எழுதவில்லை.

அத்தையிடம் ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். நான் பொறுமையானவள், உட்கார்ந்து கேட்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கேட்பேன், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்பேன். ஆனால் அவர் முன்னால் நான் இதுவரை வாயைத் திறந்ததில்லை என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் அப்பா எழும்பிக் கடைக்குப் போய்விடுவார், அம்மா தூங்கிவிடுவார். ஆவணிக்குப் பிறகு நீங்கள் சங்கு ஊதியதும் மலைக்குப் போய்விடுவீர்கள். அத்தை எங்கே போவார்? பாவம், தட்டைத் தூக்குவதற்கு முன்னால் நன்றாக யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் ராகினி